வாரத்துக்கு விட்ட பெட்டை

கோபிசெட்டிபாளையம்,
20.1.2025

அன்புள்ள தங்கை வெங்கடலட்சுமிக்கு,

அண்ணன் வெங்கடபதி எழுதுவது. இங்கே நானும் உன் வதினாவும் கூண்டுக் கோழிகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் லாஸ்யாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மற்றவர் நிம்மதியைக் கெடுப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கிளிமூக்குக் கோழிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பரிசு வாங்கப் போகவில்லை. நைனா இருந்த காலத்திலிருந்தே நம் சேவலுக்கு இன்னொருத்தன் மார்க் போடும்படி நாம் நின்றதில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் எதைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம் என்று போனேன். சிரிக்க நிறையவே இருந்தது. ஒருத்தன் சேவலின் வாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தான். இன்னொருத்தனுடைய சேவலின் மூக்கைப் பார்த்தால் கிளி என்ன, காக்கைகூட ஒப்புக்கொள்ளாது.

மூலைக் கூண்டில் ஒரு கீரி நிறச் சேவல் நின்றது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கு நன்றாக இறங்கி வளைந்திருக்கிறது. கண் வெள்ளை. வால் தரையைத் தொட்டு விசிறியாக விரிகிறது. குனிந்து காலைப் பார்த்தேன். இடது காலின் பின்விரல் நகம் மட்டும் வெள்ளை. அந்த நகம் நம் தோட்டத்துக் கோழியைத் தவிர வேறெதற்கும் கிடையாது என்று உனக்கும் தெரியும்.

சேவலுக்குச் சொந்தக்காரன் ஒரு பையன். பெயர் இல்யாஸ். "எங்கூட்டுக் கோழிதானுங்க. எங்கம்மா வளத்துனதுங்க. இது என்ன சாதின்னு போன வருசந்தானுங்க எனக்கே தெரிஞ்சுது" என்றான். அப்பா கரீம், மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி. அம்மா இஸ்மத். வீடு எங்கே என்றேன். உன் வீட்டைச் சொல்லி அதற்குப் பக்கத்து வீடு என்றான்.

தீனி என்ன போடுகிறாய் என்று கேட்டேன். "சோறு மிஞ்சுனா சோறுங்க. இல்லாட்டி அதுவா மேஞ்சுக்குங்க" என்றான். நான் இங்கே கம்பை முளைகட்டி, மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்து, கருவாட்டுத் தூள் கலந்து, சேவலுக்குப் பாதாம் ஊறவைத்து, வால் அழுக்காகாமல் இருக்கக் கூண்டுக்குக் கூண்டு ஆற்று மணல் சலித்துப் போட்டு வளர்க்கிறேன். அவன் மிச்சச் சோற்றைப் போட்டு அதே வாலை வளர்த்து வைத்திருக்கிறான்.

நைனா வைத்த சட்டத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேவலை விற்கலாம். பெட்டை வாசல் தாண்டக் கூடாது. முட்டை வெளியே போக வேண்டுமானால் வெந்துதான் போக வேண்டும். சேவல் போனால் ஒரு கோழி போகும், பெட்டை போனால் இனமே போகும். இங்கிருந்து எது, எப்படி, யார் கையால் போனது என்று எழுது.

இப்படிக்கு,
அண்ணன் வெங்கடபதி


மேட்டுப்பாளையம்,
29.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெங்கடலட்சுமி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதமா, போலீஸ் சம்மனா என்று இவர் கேட்டார். நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். உங்களுக்குத் திட்ட மட்டும் இரண்டிலும் நன்றாக வருகிறது.

ரொம்ப யோசிக்க வேண்டாம். எடுத்தது நான்தான்.

லாஸ்யா பெரியவளான சடங்கு உங்களுக்கு நினைவிருக்காது. அன்று உங்கள் கோழி எதுவும் அடைக்கு உட்காரவில்லை, அதனால் அது முக்கியமான நாள் அல்ல. வயதுக்கு வந்த பெண்ணுக்கு விடிகாலையில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுப்பார்கள், தாய்மாமன் வீட்டு முட்டை விசேஷம் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். நீங்கள் வந்தீர்கள். வெள்ளித் தட்டில் பன்னிரண்டு முட்டை. அத்தனையும் அவித்தது.

இவருடைய அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஏனுங்க அம்மணி, உங்கண்ணன் புள்ளைக்கு மருந்து கொண்டாந்தாருங்களா, டிபன் கொண்டாந்தாருங்களா?" பந்தலே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். நீங்கள் மட்டும், முட்டை சரியான பதத்தில் வெந்திருக்கிறது என்று யாரோ பாராட்டியது போலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் சேவல் விற்கப் பாலக்காட்டுக்குப் போயிருந்தீர்கள். கூண்டைத் திறந்து, தூக்குப்போசியில் தவிட்டுக்கு நடுவே வைத்துப் பன்னிரண்டு பச்சை முட்டை எடுத்து வந்தேன். மாமன் கொண்டுவராததை அம்மா போய் எடுத்துக்கொண்டாள். இதைத் திருட்டு என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். பாதி முட்டைக்கு மேல் லாஸ்யாவுக்கு உள்ளே இறங்கவில்லை. மிச்சத்தை இஸ்மத்திடம் கொடுத்தேன். அவளுடைய கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது, அதற்கு வைத்துவிட்டாள். உங்கள் ராஜாங்க ரகசியம் வெளியே போன கதை இவ்வளவுதான்.

இனி என் சேதி. லாஸ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை பீளமேட்டில் வேலை, நம்மவர்கள். ஆவணியில் முகூர்த்தம். நம் வழக்கப்படி பெண்ணைக் கூடையில் உட்காரவைத்து மணவறைக்குத் தூக்கி வர வேண்டியவர் தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரு அண்ணன், அதுவும் நீங்கள். நீங்கள் வந்து அந்தக் கூடையைத் தூக்க வேண்டும். இவர் வீட்டார் முன்னால் என் அண்ணன் ஒரு தடவையாவது அண்ணனாக நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறொன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
வெங்கடலட்சுமி


கோபிசெட்டிபாளையம்,
10.2.2025

அன்புள்ள தங்கைக்கு,

எடுத்ததையும் எடுத்துவிட்டு அதைப் பெருமையாக எழுதவும் செய்திருக்கிறாய். நைனா உனக்குச் செல்லம் கொடுத்தது தப்பு என்று அன்றே சொன்னேன்.

அந்தக் கோழிகளை எல்லாம் அறுத்துவிடச் சொல். குப்பையில் புரண்டு, கண்ட சேவலோடு சேர்ந்து, மரத்தில் தூங்கும் கோழிக்கு என் நகம் இருக்கக் கூடாது. கரீம் வியாபாரி, சொன்னால் புரிந்துகொள்வார். கிளிமூக்கு என்ற பேச்சு வந்தால் வெங்கடபதி கூண்டு என்றுதான் ஊர் சொல்ல வேண்டும். மிச்சச் சோற்றுக் கோழிக்கும் அதே பெயர் என்றால் நான் எதற்கு?

இங்கே எனக்குத் தலைவலி ஒன்றா இரண்டா. இந்த முறை அடை வைத்த முட்டை அத்தனையும் கூமுட்டை. போன முறையும் அப்படித்தான். நஞ்சுண்டன் தீவனக் கடையில் வாங்கிய கம்பில் ஏதோ மருந்து அடித்திருக்கிறான். உன் வதினாவுக்குத் தண்ணீர் வைக்கும் கை சரியில்லை. வெயிலும் தை மாதத்திலேயே தொடங்கிவிட்டது. சசிதரிடம் சொன்னால் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "விட்ருங்கப்பா" என்கிறான். நான் பெற்றது அவ்வளவுதான்.

கூடை தூக்குவது என் உரிமை. அதை நீ எனக்குக் கொடுப்பது போல எழுத வேண்டியதில்லை. வருவேன்.

இப்படிக்கு,
அண்ணன் வெங்கடபதி


மேட்டுப்பாளையம்,
22.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோழிகளை அறுக்கச் சொன்ன உத்தரவை இஸ்மத்திடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள், "நாப்பதையும் ஒண்ணா அறுத்தா யாருங்கக்கா திங்கிறது? நோன்பு வேற வருதுங்க" என்றாள். அவள் உங்கள் மேல் கோபப்படக்கூட இல்லை. உங்களை யாரென்றே அவளுக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

நஞ்சுண்டனையும் வதினாவையும் வெயிலையும் திட்டியது போதும். வதினா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெட்டையில் மிஞ்சியது இரண்டு கிழடுகள்தானாம். பெட்டைக் குஞ்சு பொரித்து இரண்டு வருடமாகிறதாம். வெளிக்கோழி உள்ளே வரக் கூடாது, உள்கோழி வெளியே போகக் கூடாது என்று கூடப் பிறந்ததையே கூடச் சேர்த்துச் சேர்த்து வைத்தால் முட்டை என்ன செய்யும்? பாதாம் போட்டால் ஆகிவிடுமா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறேன் என்றானாம். நாடெல்லாம் உங்கள் கூண்டின் பெயரைச் சொல்ல வேண்டுமாம், கூண்டுக்குள் ஒரு குஞ்சில்லை.

இங்கே பக்கத்து வீட்டுப் பலா மரத்தில் அந்தி சாய்ந்தால் நாற்பதும் ஏறிக்கொள்கின்றன. பாதிக்கு மேல் உங்கள் வெள்ளை நகம். உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல பெட்டை. அதை வாயைத் திறந்து கேட்டால் வாய் தேயாது.

உங்கள் தங்கை,
வெங்கடலட்சுமி


கோபிசெட்டிபாளையம்,
15.3.2025

அன்புள்ள தங்கைக்கு,

உன் வதினாவின் போனை இனி நான்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

எனக்குப் பெட்டை வேண்டும் என்று யார் சொன்னது? வெளியே போன ரத்தம் எவ்வளவு கெட்டுப் போயிருக்கிறது என்று பார்க்க ஒன்றை வைத்து ஆராயலாம் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். குப்பை மேய்ந்த பெட்டையை என் மணலில் விடுவதற்கு எனக்கே கூசுகிறது. ஆனாலும் முட்டை என் தோட்டத்து முட்டை. என் பொருளை நான் திரும்ப எடுத்துக்கொள்வதற்குக் கேட்பது, கெஞ்சுவது என்ற பேச்சே கிடையாது. கீரி நிறத்தில், இரண்டு வயதுக்குள், மூக்கு இறங்கியதாக ஒன்றைப் பிடித்து அனுப்பு.

உள்ளதைச் சொன்னால், நேற்று ஒரு கிழட்டுப் பெட்டை செத்துவிட்டது. உன் வதினா சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன் வெங்கடபதி


மேட்டுப்பாளையம்,
3.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரம்ஜானுக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "என் பொருளை எடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. "எங்கண்ணன் கூண்டுல பெட்டை அத்துப் போச்சு, ஒண்ணு குடுத்தா புண்ணியமுங்க" என்று கேட்டேன். உங்களுக்காக வாழ்க்கையில் முதல் தடவை ஒரு பொய் சொன்னேன், நீங்கள் பணிவானவர் என்று.

கரீம் அண்ணன், "கோழிதானுங்களே அம்மணி, புடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். இல்யாஸ்தான் குறுக்கே வந்தான். அவனுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கிறது. கண்காட்சிக்கு வருகிற பையன்கள் எல்லாரும் உங்கள் சேவலைப் பற்றிப் பேசுவார்களாம். நீங்கள் தன் கூண்டின் முன் குனிந்து நின்றதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். "சும்மா வேண்டாங்க அக்கா. வாரத்துக்கு எடுத்துக்கட்டுங்க. பாதிக் குஞ்சு அவருக்கு, பாதி எங்களுக்கு. அவரு தீனியில, அவரு கையில வளந்த பெட்டை எனக்கும் ரெண்டு மூணு வேணுமுங்க" என்றான்.

ஆட்டையோ கோழியையோ வாரத்துக்கு விட்டால் எப்படிப் பிரிப்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கொடுத்தவர் முதலில் ஒன்றைப் பிடிப்பார், வளர்த்தவர் அடுத்ததைப் பிடிப்பார், அப்படியே மாறி மாறி. கரீம் அண்ணன், "பெரிய குடும்பம். அப்புறம் பேச்சு மாறிப்போட மாட்டாருங்களே?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "எங்கண்ணனுக்கு வாய்தானுங்க கெட்டது. கை சுத்தம்."

உங்களைப் பற்றி நல்லதாக நான் சொன்ன ஒரே வார்த்தை அது. சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன். நீங்களே வந்து எடுத்துப்போங்கள்.

உங்கள் தங்கை,
வெங்கடலட்சுமி


கோபிசெட்டிபாளையம்,
14.8.2025

அன்புள்ள தங்கைக்கு,

உன் வீட்டுக்கு வந்துபோனதற்குப் பிறகு எழுதவே நேரமில்லை. பெட்டையை நான் பார்த்த லட்சணத்தில் ஒன்றும் நம்பிக்கை இல்லை. மரத்திலிருந்து இறக்கிய கோழி, கூண்டுக்குள் ஒரு வாரம் முளைகட்டிய கம்பைப் பார்த்துப் பயந்தது. அதன் பிறகு என் தீனி வேலை செய்தது. என் சேவலோடு விட்டேன். முட்டையிட்டது, அடைக்கு உட்கார்ந்தது, வைத்த பதினான்கும் பொரித்தது. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. இதற்கு யார் காரணம் என்று உன் பக்கத்து வீட்டாருக்குச் சொல்.

மூன்று மாதக் குஞ்சுகள் இப்போது. மூக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. சேவல் எது, பெட்டை எது என்று கொண்டையிலேயே தெரிகிறது. ஏழு சேவல், ஏழு பெட்டை. விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், அவை ஓடி வருகின்றன. நைனா இருந்தபோது இருந்தது போல இருக்கிறது.

வாரப்படி பாதி ஏழு. ஏழு சேவல்களையும் கூடையில் போட்டு நாளை சசிதர் காரில் கொடுத்தனுப்புகிறேன். பாதி என்றுதான் பேச்சு, எந்தப் பாதி என்று யாரும் பேசவில்லை. முதலில் அவர்கள் பிடிப்பது, அப்புறம் நான் பிடிப்பது என்பதெல்லாம் ஆட்டுக்காரர்கள் வழக்கம், எனக்குப் பொருந்தாது. இனத்தை வெளியே விட்டு ஒரு தடவை பட்டது போதும். அந்தப் பையன் தீனி முறை என்ன என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். கொஞ்சம் சொன்னேன். அவனுக்கு அது போதும். சேவலைக் கண்காட்சியில் நிறுத்திப் பெருமைப்படட்டும், அதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது?

கல்யாணத்துக்கு எல்லாம் தயார். லாஸ்யாவுக்குப் பட்டு எடுத்தாயிற்று. மாமன் சீர்த் தட்டு பதினொன்று வரும், உன் நாத்தனார் வாயைத் திறக்க முடியாது. முந்தின நாள் மாலையே மண்டபத்தில் இருப்பேன். கூடையைத் தூக்க எனக்கு இன்னும் தோளில் பலம் இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்.

இப்படிக்கு,
அண்ணன் வெங்கடபதி


மேட்டுப்பாளையம்,
21.8.2025

அண்ணாவுக்கு,

சசிதர் வந்தான். கூடையை இறக்கி வைத்தான், தண்ணீர் குடித்தான், போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் மேல் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் கடிதம் கூடைக்குப் பிறகுதான் வந்தது. அதனால் நான் சிரித்த முகமாகவே கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இல்யாஸ் பின்பக்கம் புதிதாக ஒரு கூண்டு கட்டி வைத்திருந்தான். பவானி மணல் கொண்டுவந்து சலித்துக் கொட்டியிருந்தான். ஒரு தட்டில் கம்பு முளைகட்டி ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. நீங்கள் கொஞ்சம் சொன்னீர்கள் அல்லவா, அந்தக் கொஞ்சத்தை அப்படியே செய்திருந்தான்.

ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கொண்டையைப் பார்த்தான், கூடையிலேயே திரும்ப வைத்தான். கடைசியையும் வைத்துவிட்டு, "ஏழும் சேவலுங்க அக்கா" என்றான். இஸ்மத், "சேவல்னா சேவல்தான், வுடுங்கக்கா. அவருக்கு என்ன இக்கட்டோ" என்றாள். கரீம் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "காப்பி குடிச்சீங்களா அம்மணி" என்று கேட்டுவிட்டு மண்டிக்குக் கிளம்பினார். நான் அங்கே நின்ற நிலையில் என் எதிரியும் நிற்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அழுதேன். கோழிக்காக அழவில்லை. கை சுத்தம் என்று நான் சொன்னதற்காக அழுதேன்.

இத்தனை கடிதத்திலும் உங்களை இளப்பமாகத்தான் எழுதினேன். அதெல்லாம் நமக்குள். வெளியாரிடம் ஒரு நாளும் உங்களை விட்டுக்கொடுத்ததில்லை. நீங்கள் அவித்த முட்டையோடு நின்ற அன்றுகூட, எங்கண்ணனுக்கு விவரம் பத்தாது என்றேனே தவிர மனசு கெட்டது என்று சொல்லவில்லை. எனக்கு இனிமேல் அதையும் சொல்ல வராது. எந்தப் பாதி என்று யாரும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்யாஸ் பெட்டை கேட்டதை நானே உங்களுக்கு எழுதியிருந்தேன். அதற்கு மேல் பேச வேண்டியது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் மனிதர்களோடு பழகியவர்கள்.

நேற்று நானும் இவரும் தாம்பூலத் தட்டோடு கரீம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். லாஸ்யாவின் கூடையை அவர் தூக்க வேண்டும் என்று கேட்டேன். பதறிவிட்டார். "உங்க சடங்குங்க அம்மணி. மாமன் உசிரோட இருக்கையில நாங்க எப்படிங்க?" என்றார். இவர்தான், "அந்தப் புள்ள உங்க மடியில வளந்ததுங்க. வேற யாருங்க தூக்கறது?" என்று சொல்லித் தட்டை அவர் கையில் கொடுத்தார். இவருடைய அக்காவுக்கும் நானே சொல்லிவிட்டேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பத்திரிகையில் தாய்மாமன் என்று உங்கள் பெயர் அச்சாகிவிட்டது. அதை அடிக்கப் போவதில்லை. வதினா சசிதரோடு வருவாள், அவளிடம் பேசிவிட்டேன். பட்டையும் தட்டுகளையும் கொடுத்தனுப்ப வேண்டாம். தாய்ப் பெட்டையை இஸ்மத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களிடமே இருக்கட்டும், நன்றாகத் தீனி போடுங்கள்.

முகூர்த்தத்தன்று கூடையை ஒரு பக்கம் கரீம் அண்ணனும் மறுபக்கம் இல்யாசும் பிடிக்கிறார்கள். நீங்கள் வர வேண்டாம்.

வெங்கடலட்சுமி